நாளுடைய துயரமும் நாளற்ற துயரமும்: மந்தாரக்குப்பத்தை முன்வைத்துக் கூட்டு மின்னாவணகங்கள் குறித்த ஒரு மதிப்பீடு

முன்னுரை

பேரிடர்களையும் துயரங்களையும் மக்கள் பங்களிப்பால் தொகுக்கும் மின்னாவணகங்கள் கடந்த இருபதாண்டுகளில் தனி வகைமையாக உருப்பெற்றுள்ளன. 2001 செப்டம்பர் 11 தாக்குதல் பற்றியும், 2005இல் வீசிய கத்ரீனா, ரீட்டா சூறாவளிகள் பற்றியும் அமெரிக்காவில் அமைக்கப்பட்ட ஆவணகங்கள் இதன் முன்னோடிகள். நாள் குறிக்கத்தக்க ஒரு நிகழ்வே இவற்றின் அலகு. அவ்வலகு நெய்வேலிச் சுரங்கங்களை ஒட்டிய மந்தாரக்குப்பத்திற்கும் அதன் சுற்றூர்களுக்கும் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நாளுடைய துயரங்கள்

இப்பகுதியில் நாள் குறிக்கத்தக்க துயரங்கள் பல. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் முந்திரி, பலாத் தோப்புகளைச் சாய்த்தது. 2015 நவம்பரில் பெருவெள்ளம் கடலூர் மாவட்டத்தைச் சூழ்ந்தது. 2020 மே 7, சூலை 1 ஆகிய நாள்களில் இரண்டாம் அனல்மின் நிலையத்தின் கொதிகலன் பகுதியில் விபத்துகள் நேர்ந்தன. சூலை விபத்தில் 6 தொழிலாளர்கள் நிகழ்விடத்திலேயே உயிரிழந்தனர். இந்நிகழ்வுகளுக்கு நாளிதழ்ச் செய்திகள், அரசாணைகள், விசாரணை ஆவணங்கள் முதலிய சான்றுகள் உண்டு. கூட்டு ஆவணகம் இவற்றோடு குடும்பங்களின் குரலைச் சேர்க்கலாம். எனினும் நிகழ்வின் வரையறை முன்னரே பிறரால் வகுக்கப்பட்டுவிட்டது.

நாளற்ற துயரங்கள்

நெய்வேலி நிறுவனம் 1956இல் தோற்றுவிக்கப்பட்டது. பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் கீழுள்ள ஊற்றுநீர் மேல்நோக்கி அழுத்துவதால், அதை இடையறாது இறைத்தால்தான் சுரங்கம் இயங்கும். சுற்றூர்க் கிணறுகளில் நீர்மட்டம் இறங்கிவிட்டது என்னும் முறையீடு இப்பின்னணியில் எழுவது. அக்கிணறுகள் வற்றியதற்கு நாள் இல்லை. நிலமிழப்பும் அத்தகையதே. 2023 சூலை 26 அன்று மேல்வளையமாதேவியில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக நெற்பயிர் நின்ற வயல்கள் தோண்டப்பட்டன. நிலம் பல்லாண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் நிலை. அந்நாள்வரை உழுது பயிரிட்டவர்களுக்கோ இழப்பு அன்றுதான் நேர்ந்தது. ஒரே வயலுக்கு இரண்டு நாள்கள். நாளால் அடுக்கும் ஆவணகம் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். தேர்ந்த கணமே அது ஒரு தரப்பின் வாதத்தை ஏற்றதாகிவிடும்.

மாற்று அலகு

தமிழில் இதற்கு முன்மாதிரி உண்டு. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டதில் ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 2005இல் தன்னார்வலர் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகம் அவ்வெரிப்பை மட்டும் ஆவணப்படுத்த முற்படவில்லை. இதழ்கள், மலர்கள், பிரசுரங்கள் என ஈழத்துச் சமூகத்தின் எழுத்துகளையே திரட்டியது. நேர்ந்த அழிவைக் காட்டிலும் அழியத்தக்க வாழ்வையே அது அலகாகக் கொண்டது. 1947 பிரிவினை ஆவணகமும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களைக் கொண்டு வாய்மொழி வரலாறுகளைப் பதிந்து, இடம்பெயர்ந்த வழிகளை நிலப்படத்தில் காட்டுகிறது.

மந்தாரக்குப்பத்திற்கு இவ்வழியே ஏற்றது. ஊர்ப்பெயரும் புல எண்ணும் அலகானால், பட்டா, சிட்டா, அடங்கல், கோயில் திருவிழா அழைப்பிதழ், பள்ளிச் சான்றிதழ், கிணற்றின் ஆழம் பற்றிய நினைவு ஆகியன ஓரிடத்தில் சேரும். சுரங்கத்திற்காக மேல்மண் அகற்றப்பட்ட ஊரை இன்று களத்தில் சென்று காண இயலாது. நிலத்தையே மூலச்சான்றாகக் கொள்ளும் வழக்கமான ஊராய்வு அங்கே செயலற்றுப்போகிறது.

விவரணையின் அரசியல்

கூட்டுப் பங்களிப்பு பொருள்களைத் திரட்டுவதோடு நின்றுவிடலாகாது. விவரணைச் சொற்களைத் தீர்மானிப்பதிலும் தொடர வேண்டும். அலுவல் வழக்கில் ‘நிலமெடுப்பு’ என்பதை மக்கள் ‘நிலம் கொடுத்தது’ என்பர். முன்னது எடுத்தவரை எழுவாயாக்குகிறது. பின்னது கொடுத்தவரை எழுவாயாக்கி, கைம்மாறாகக் கிடைக்க வேண்டிய வேலையையும் நினைவூட்டுகிறது. பட்டியலில் அலுவற்சொல் மட்டும் இடம்பெறின், தேடுபவருக்கு அவ்வுரிமைக்கோரல் தென்படாது. ஆதலின் இருவகைச் சொற்களும் நிகரான தேடுசொற்களாதல் வேண்டும்.

பங்களிப்பாளரின் பாதுகாப்பும் இன்றியமையாதது. ஒரே குடும்பத்தில் நிலமிழந்தவரும் நிறுவனத்தில் பணிபுரிபவரும் இருப்பர். இழப்பீட்டு வழக்கு நிலுவையிலுள்ளவரின் கூற்று அவருக்கே எதிராகவும் பயன்படக்கூடும். எனவே பதிவைத் திறக்கவும் மூடவும் திரும்பப் பெறவும் அளித்தவருக்கு உரிமை வேண்டும். இவ்வுரிமை ஆய்வாளரின் அணுக்கத்தைக் குறைக்கும் என்பது உண்மை. அக்குறையை ஏற்பதே கூட்டுமுயற்சி என்னும் சொல்லுக்குரிய விலை.

முடிவுரை

நிகழ்வை அலகாக்கும் மின்னாவணகம் செய்தித்தாள் முன்னரே கண்ட துயரத்தை விரிவாக்கும். ஊரை அலகாக்குவது செய்தியாகாத துயரத்தையும் காணச்செய்யும். கொதிகலன் விபத்தும் வற்றிய கிணறும் ஒரே ஊர்ப்பெயரின்கீழ் அமையும்போதுதான் அவற்றிடையேயுள்ள தொடர்பை வினவ இயலும். வாய்மொழிச் சான்றளிக்கவல்ல மூத்த தலைமுறை குறைந்துவரும் நிலையில், கருவிகளைத் தேர்வதற்கு முன் அலகைத் தேர்வதே இத்தகைய முயற்சிகளின் முதற்பணி.