இரு நாடகங்களில் முதுமையும் இளமையும்

தலைமுறைப் போராட்டம் என்றதும் தமிழ் வாசகர் நெஞ்சில் முதலில் தோன்றுவது வீடுதான். மகன் விரும்பிய பெண்ணைத் தந்தை மறுப்பதும், மருமகளின் புதுப்போக்கைப் பொறாமல் மாமியார் முணுமுணுப்பதும் தமிழ்க் கதைகளிலும் மேடைகளிலும் எத்தனையோ முறை வந்துவிட்டன. ஜெயகாந்தனின் ‘யுகசந்தி’ இவ்வகையில் தலைசிறந்த சிறுகதை. கைம்பெண்ணான பேத்தி மறுமணத்திற்குத் துணியும்போது, தானும் கைம்மை நோற்று முதிர்ந்த கௌரிப் பாட்டி அவள் பக்கம் நின்றுவிடுகிறாள். அப்பேத்தி ஓர் ஆசிரியை. ஆயினும் அவள் பணியாற்றும் இடத்தில் மூத்தோர் அவளை எவ்வாறு நோக்கினர் என்பது கதையின் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகிறது. அஃது அக்கதையின் குறையன்று. கதை எடுத்துக்கொண்ட பொருள் வேறு. ஆனால் மனிதன் தன் விழிப்பு நேரத்தில் பெரும்பகுதியைக் கழிக்கும் பணிக்களத்தில் முதியோரும் இளையோரும் எவ்வாறு மோதிக்கொள்கின்றனர் என்பதைத் தமிழ்ப் படைப்பாளர் போதிய அளவு எழுதவில்லை என்பதை மறுப்பதற்கில்லை.

வீட்டுச் சண்டைக்கும் பணிக்களச் சண்டைக்கும் ஓர் அடிப்படை வேற்றுமை உண்டு. வீட்டில் இரத்தபாசம் இருக்கிறது. பத்து ஆண்டுகள் பேசாதிருந்த மகனும் தந்தையின் நோய்ப்படுக்கைக்கு ஓடி வருகிறான். பணிக்களத்தில் அத்தகைய பாசம் இல்லை. அங்கே இருப்பவை கூலியும், பதவியும், ஒரு மூத்தவர் இடவேண்டிய கையொப்பமும் ஆகும். ஆகவே அங்கு நிகழும் மோதல் பெரும்பாலும் ஓசையின்றி நிகழ்கிறது; ஓசையின்றியே ஆளைக் கொன்றும் விடுகிறது. இதனை நன்குணர்ந்து எழுதிய மேலை நாடகாசிரியர் இருவர். ஒருவர் நார்வே நாட்டு ஹென்ரிக் இப்சன். மற்றவர் அமெரிக்கரான ஆர்தர் மில்லர். இப்சனின் ‘கட்டடத் தலைவன்’ 1892இல் வெளிவந்தது. மில்லரின் ‘ஒரு விற்பனையாளனின் மரணம்’ 1949 பிப்ரவரியில் நியூயார்க்கில் மேடையேறி, அவ்வாண்டே புலிட்சர் பரிசையும் பெற்றது. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவர்க்கு, தனித்தனியே படிப்போர்க்குக் கிட்டாத சில உண்மைகள் கிட்டும்.

இப்சனின் நாடகம் ஓர் அலுவலறையில் தொடங்குகிறது. வரைபடப் பலகையின் முன் இருவர் குனிந்து வேலை செய்துகொண்டிருக்கின்றனர்: முதியவர் புரோவிக், அவர் மகன் ரக்னார். கணக்கேட்டின் முன் அமர்ந்திருப்பவள் புரோவிக்கின் உறவுப் பெண் காயா. ரக்னாருக்கு மணம் பேசப்பட்டவள். இம்மூவருக்கும் முதலாளி சோல்னெஸ் என்னும் புகழ்பெற்ற கட்டடத் தலைவன். ஒரு காலத்தில் சோல்னெஸ் அதே புரோவிக்கிடம் வேலை பார்த்தவன்; பிறகு அவரை மிஞ்சி எழுந்து, அவர் தொழிலை வீழ்த்தி, இறுதியில் அவரையே தன் கீழ்ப் பணியாளராக அமர்த்திக்கொண்டவன். முறையாகக் கல்லூரியில் கட்டடக்கலை பயின்றவனும் அல்லன். சுமை தாங்கும் கணக்கையும் பருமனளவுக் கணக்கையும் போட்டுத் தருபவர்கள் இந்தத் தந்தையும் மகனுமே. புகழ் ஒருவனுக்கு, கணக்கு மற்றவர்க்கு.

புரோவிக் நோயுற்றிருக்கிறார், நாள் எண்ணப்படுகிறது. அவர் சோல்னெஸிடம் கேட்பது பணமன்று, ஓய்வூதியமும் அன்று. இளந்தம்பதியர் இருவர் ஒரு சிறு வீடு கட்ட விரும்புகின்றனர். ரக்னார் அதற்கு வரைந்த படங்களை அவர்கள் பார்த்து மகிழ்ந்திருக்கின்றனர். அந்த ஒரு வேலையை மகனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். அவன் படங்களைப் பற்றி நல்லதாக ஒரு சொல் சொல்ல வேண்டும். தன் மகன் திறமையுடையவன்தான் என்னும் உறுதியோடு கண்மூடவேண்டும் என்பதே அவர் வேட்கை. சோல்னெஸ் மறுக்கிறான். அப்படங்கள் புதுமையாக இருக்கின்றன என்று தம்பதியர் சொன்னதாகக் கேள்விப்பட்டதும் அவன் முகம் கறுக்கிறது. தன் இடத்திலிருந்து ஒருபோதும் விலகமாட்டேன் என்கிறான். அவனுக்கு வேலை பற்றாக்குறை இல்லை. அந்தச் சிறு வீட்டால் வரும் ஊதியம் அவனுக்கு ஒரு பொருட்டே அன்று. பின் ஏன் மறுக்கிறான்? ரக்னார் திறமையற்றவன் என்பதற்காக அன்று. திறமையுடையவன் என்பதை வேறெவரையும்விட நன்றாக அறிந்திருப்பதால்தான் மறுக்கிறான். தான் புரோவிக்குக்குச் செய்ததை ரக்னார் தனக்குச் செய்வான் என்னும் அச்சம் அவனை வாட்டுகிறது. ஒருநாள் இளைய தலைமுறை தன் கதவைத் தட்டும் என்று அவன் மருத்துவரிடம் நடுங்கிக்கொண்டே சொல்லும் கணத்தில் கதவு தட்டப்படுகிறது. உள்ளே வருபவள் ஹில்டா என்னும் இளம்பெண். நாடகத்தின் பிற்பகுதி முழுவதும் அவளைச் சுற்றியே அமைகிறது. திறனாய்வாளர் பலரும் அவளைச் சுற்றியே எழுதினர்.

ஆயினும் பணிக்களத்தின் கண்கொண்டு பார்த்தால் நாடகத்தின் உயிர் முதல் அங்கத்தில் மட்டுமே தோன்றும் புரோவிக்கிடம் இருக்கிறது. அவரே முந்திய தலைமுறை, சோல்னெஸ் நடுத்தலைமுறை, ரக்னார் பிந்தியது. பொதுவாக முதுமை இளமை என இரண்டாகவே பிரித்துப் பேசுவது வழக்கம். இப்சன் மூன்றாகப் பிரித்தார். வீழ்த்தப்பட்டவர் ஒருவர், வீழ்த்தியவர் ஒருவர், வீழ்த்தக் காத்திருப்பவர் ஒருவர் என்று மூவரையும் ஒரே அறையில் ஒரே விளக்கொளியில் அமர்த்தினார். நடுவில் நிற்பவனுக்கே அச்சம் மிகுதி. ஏனெனில் அவன் இரண்டு பக்கமும் பார்க்கிறான்.

காயாவைப் பற்றியும் இங்கே ஒரு சொல். சோல்னெஸ் அவள் தன்மீது கொண்ட மயக்கத்தை அறிந்து அதனை வளரவிடுகிறான். அவள் அலுவலகத்தில் இருக்கும்வரை ரக்னாரும் விலகமாட்டான் என்பது அவன் கணக்கு. இரண்டு ஆடவரின் தொழிற்போட்டியில் ஓர் இளம்பெண்ணின் உள்ளம் கயிறாகப் பயன்படுகிறது. இப்சனுக்குப் பெண்மைபால் பரிவு மிகுதி என்று புகழ்வோர், அவர் காயாவை மூன்றாம் அங்கத்தில் ஏறக்குறைய மறந்தே விடுவதையும் கவனிக்க வேண்டும்.

இனி வில்லி லோமன். வயது அறுபத்து மூன்று. ஒரே நிறுவனத்திற்காக முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காரோட்டிச் சென்று ஊர் ஊராகப் பொருள் விற்றவன். நிலைச்சம்பளம் பறிக்கப்பட்டு, தொடக்கக்காரனைப் போல விற்ற பொருளுக்கு மட்டும் தரகு பெறும் நிலைக்குத் தள்ளப்பட்டிருக்கிறான். இனி நெடுந்தொலைவு காரோட்ட இயலாது. நியூயார்க்கிலேயே ஒரு வேலை தரும்படி முதலாளி ஹோவர்டைக் கேட்கச் செல்கிறான். ஹோவர்டுக்கு வயது முப்பத்தாறு. பழைய முதலாளியின் மகன். அவன் பிறந்தபோது பெயர் சூட்டுவதுபற்றித் தன்னிடம் கருத்துக் கேட்கப்பட்டது என்று வில்லி நினைவூட்டுகிறான். அந்த நினைவுக்கு அந்த அறையில் விலை இல்லை.

மில்லரின் கைத்திறன் அக்காட்சியில் ஓர் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்ததில் இருக்கிறது. ஹோவர்ட் புதிதாக ஓர் ஒலிப்பதிவுக் கருவி வாங்கியிருக்கிறான். மகள் சீழ்க்கையடிப்பதையும் மகன் மாநிலத் தலைநகரங்களின் பெயர்களை ஒப்பிப்பதையும் அதில் பதிந்து, வாழ்வா சாவா என்று வந்து நிற்கும் முதியவனுக்குக் கேட்கச் செய்து மகிழ்கிறான். வில்லி பேச வாயெடுக்கும்போதெல்லாம் அக்கருவி பேசுகிறது. வில்லி வாரத்திற்கு அறுபத்தைந்து டாலர் கேட்கிறான், பிறகு ஐம்பது, பிறகு நாற்பது. எதிரிலிருப்பவன் விலை குறைக்கச் சொல்லவே இல்லை. விற்பவன் தானாகவே தன் விலையைக் குறைத்துக்கொண்டு போகிறான். வாழ்நாள் முழுதும் விற்ற ஒருவன், தன்னை விற்க வேண்டிய நாளில் தோற்கும் காட்சி இது. ஹோவர்ட் சற்று வெளியே சென்றபோது வில்லி தவறுதலாகக் கருவியை இயக்கிவிடுகிறான். குழந்தையின் குரல் ஒப்பிக்கத் தொடங்குகிறது. அதனை நிறுத்தத் தெரியாமல் அலறுகிறான். அலறல் கேட்டுத் திரும்பிவந்த ஹோவர்ட், நிறுவனத்தின் சார்பில் இனிப் பயணம் செய்ய வேண்டா என்று சொல்லி அவனை விலக்கிவிடுகிறான்.

வில்லியைக் குற்றமற்றவனாகக் காட்டும் மாணவர் கட்டுரைகள் பல. அது நாடகத்தைப் பாதி படித்ததன் விளைவு. அண்டை வீட்டுச் சார்லி வாரம் ஐம்பது டாலருக்கு வேலை தருவதாகப் பலமுறை சொல்லியும் வில்லி ஏற்பதில்லை. கடனாக அவனிடம் பணம் வாங்கலாமாம். அவனிடம் வேலை செய்யக் கூடாதாம்! எண்பத்து நான்கு வயதிலும் விடுதியறையில் இருந்தபடியே தொலைபேசியில் விற்பனை செய்த ஒரு முதியவரை இளமையில் கண்டு, அவரைப் போல் தானும் ஆவேன் என்று அவன் கட்டிய கனவே அவன் கண்ணை மறைத்தது. மூத்தோரைப் பார்த்து இளையோர் கற்கும் பாடம் எப்போதும் சரியான பாடமாக இருப்பதில்லை.

இரண்டு நாடகங்களையும் ஒப்பிடும்போது முதலில் எழும் ஐயம் இது: ஒன்றில் முதியவன் இளையவனை நசுக்குகிறான், மற்றதில் இளையவன் முதியவனை நசுக்குகிறான். எது உண்மை? விடை வயதில் இல்லை, உடைமையில் இருக்கிறது. சோல்னெஸிடம் நிலமும் பெயரும் வாடிக்கையாளரும் இருந்தனர். ஆகவே அவன் முதுமை வலிமையாயிற்று. ஹோவர்டிடம் தந்தை விட்டுச்சென்ற நிறுவனம் இருந்தது. ஆகவே அவன் இளமை வலிமையாயிற்று. முதலாளிக்கும் பணியாளனுக்கும் இடையிலுள்ள பழைய வழக்கே இரண்டிலும் தலைமுறை வழக்கு என்னும் வேடம் பூண்டு வருகிறது என்று சொல்லலாம். ஆனால் இவ்விளக்கத்தோடு நின்றுவிடுவதும் பொருந்தாது. சோல்னெஸின் அச்சத்தைப் பணக்கணக்கால் அளக்க முடியாது. மனைவியின் மூதாதையர் வீடு தீக்கிரையானதால்தான் அவன் தொழிலில் உயர்ந்தான். அந்தத் தீயின் பின்விளைவாகவே இரட்டைக் குழந்தைகளை இழந்தான். ஒவ்வோர் உயர்வுக்கும் ஒரு விலை உண்டு, அவ்விலையைக் கேட்க யாரோ வருவர் என்னும் எண்ணம் அவனை விடவில்லை. உடைமையைக் கழித்த பின்னும் எஞ்சி நிற்கும் இவ்வச்சமே முதுமைக்கு உரியது. இதனை மில்லர் தொடவில்லை, இப்சன் தொட்டார்.

இங்கே படைப்பாளர் இருவரின் வயதையும் நோக்குதல் வேண்டும். 1892இல் இப்சனுக்கு வயது 64. ஏறக்குறைய வில்லி லோமனின் வயது. 1949இல் மில்லருக்கு வயது 33. ஏறக்குறைய ஹோவர்டின் வயது. முதியவர் எழுதிய நாடகத்தில் முதியவன் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான். இளையவர் எழுதிய நாடகத்தில் முதியவனுக்காகக் கண்ணீர் வடிக்கப்படுகிறது. இருவரும் தத்தம் தலைமுறைக்காக வழக்காடவில்லை. 1891இல், நெடுங்காலம் வெளிநாடுகளில் வாழ்ந்துவிட்டு இப்சன் தாய்நாடு திரும்பிய ஆண்டில், இளம் எழுத்தாளரான நட் ஹாம்சன் தலைநகரில் சொற்பொழிவாற்றி மூத்த எழுத்தாளர்களைக் கடுமையாகத் தாக்கினார். அவ்வாறு தாக்கப்பட்டோருள் ஒருவரான இப்சன் முன்வரிசையில் அமர்ந்து அதனைக் கேட்டார். அடுத்த ஆண்டு வெளிவந்தது ‘கட்டடத் தலைவன்’. மறுப்புக் கட்டுரை எழுதும் உரிமை அவருக்கு இருந்தது. அவரோ இளையவனுக்கு வழிவிடாத ஒரு முதியவனை நாடகமாக்கினார்.

குறைகளும் உண்டு. ரக்னார் முழு மனிதனாக வளரவில்லை. அவன் படங்கள் புதுமையானவை என்று பிறர் சொல்லக் கேட்கிறோமே தவிர, அவன் எத்தகைய வீடு கட்ட விரும்புகிறான் என்பதை அவன் வாயால் கேட்பதில்லை. அடக்கப்பட்டவன் என்னும் ஒரே நிறத்தில் அவனைத் தீட்டிவிட்டார் இப்சன். மில்லரும் அவ்வாறே ஹோவர்டுக்கு நியாயம் வழங்கவில்லை. விற்பனை குன்றிய ஒருவனை எத்தனை ஆண்டு ஒரு நிறுவனம் சுமக்க இயலும் என்னும் கேள்வி நேர்மையானது. அக்கேள்வியை விளையாட்டுக் கருவியோடு கொஞ்சும் ஒருவன் வாயில் வைத்ததால் அது தகுதி இழந்து போயிற்று. எதிர்த்தரப்புக்கும் நல்ல வழக்கறிஞர் ஒருவரைத் தந்திருந்தால் வில்லியின் துயரம் இன்னும் ஆழ்ந்திருக்கும்.

மலேசியத் தமிழ் எழுத்தாளர்க்கு இப்பொருள் அயலானதன்று. பட்டை காயப்படாமல் மரம் சீவும் கைப்பக்குவம் தோட்டத்து முதியவரின் பெருமையாக இருந்தது. 1960களுக்குப் பிறகு கித்தாக் காடுகள் அழிந்து செம்பனை பரவியபோது, அந்தப் பக்குவம் மகன் கண்முன்னே விலையற்றுப் போயிற்று. தந்தையின் கத்தியை மகன் வாங்க மறுத்ததில் அவமதிப்பு எவ்வளவு, காலத்தின் கட்டாயம் எவ்வளவு என்று பிரித்துக் காட்ட ஒரு நல்ல நாவலாசிரியரால் முடியும். பள்ளிகளிலும் இதே நிலை நேர்ந்தது. 1983இல் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய கலைத்திட்டம் நாடு முழுவதும் வந்தபோது, முப்பது ஆண்டு கற்பித்தவரும் பயிற்சிக் கல்லூரியிலிருந்து அப்போதுதான் வெளிவந்தவரும் புதிதாகக் கற்க வேண்டியவராயினர். ஆசிரியர் அறையில் எழுந்த புழுக்கத்தை அறியாதார் இலர். கதையாக்கியோர் சிலரே. காதலும் குடும்பமும் தரும் கண்ணீர் எளிதில் கிட்டுவதால் பணிக்களத்தின் பக்கம் திரும்ப எழுத்தாளர்க்கு நேரமில்லை போலும்!

மீண்டும் புரோவிக்கிடம் வருவோம். ஹில்டா வற்புறுத்தியதன் பேரில் சோல்னெஸ் இறுதியில் ரக்னாரின் படங்களின்மேல் பாராட்டுச் சொற்களை எழுதுகிறான். எழுதிய கையோடு ரக்னாரையும் காயாவையும் வேலையிலிருந்து நீக்கியும் விடுகிறான். காயா படங்களை எடுத்துக்கொண்டு வீட்டிற்கு ஓடுகிறாள். அன்று மாலையே ரக்னார் வருகிறான். நன்றி சொல்லவா வந்தான்? சோல்னெஸ் தான் கட்டிய புதுவீட்டின் கோபுரத்தில் ஏறப்போவதாகச் செய்தி. உயரத்தைக் கண்டால் தலைசுற்றும் அவனுக்கு அது இயலாது என்பதை நேரில் பார்க்கவே அவன் வந்திருக்கிறான். அவனைப் போன்ற இளைஞர்கள் தெருவிலும் கூடியிருக்கின்றனர். அந்தப் பாராட்டைத் தந்தை படித்தாரா என்று கேட்டதற்கு அவன் கூறும் விடை சிறியது. படங்கள் வீடு சேர்ந்தபோது அவர் நினைவிழந்து கிடந்தார். எழுதப்பட்ட சொற்களை அவரால் படிக்க இயலவில்லை.