சாமான்களோடு ஒரு வீடு

கிருஷ்ணன்கோவிலிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக ராஜபாளையம் வரையுள்ள கிராமங்களில், மேற்குத் தொடர்ச்சி மலையை நோக்கி நிற்கும் பழைய ஓட்டு வீடொன்றை, அதன் ஊஞ்சலோடும் தானியக் குலுக்கையோடும் பித்தளை அண்டாக்களோடும் சேர்த்து விலைக்கு வாங்குகிறவர், செங்கல்லையும் சுண்ணாம்பையும் மட்டுமன்றி, ஒரு குடும்பம் தலைமுறைகளாகப் பழகிய ஜீவித முறையையே சுவீகரித்துக்கொள்கிறார்.

1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், வீடு கைமாறும்போது, வேறு ஏற்பாடு இல்லையெனில், பூட்டும் சாவியும் கதவும் ஜன்னலும், நிரந்தர உபயோகத்துக்கென அமைந்த பிறவும் உடன்செல்லும் என்று 8-ஆம் பிரிவில் விதிக்கிறது; கட்டிலும் நாற்காலியுமோ ஜங்கமச் சொத்தாகையால், தனியே பேசி எழுதப்பட வேண்டியவை. பிரான்ஸ் தேசத்துக் கிராமங்களிலும், வீட்டோடு விற்கும் தளவாடங்களுக்குத் தனி ஜாபிதாவும் மதிப்பும் எழுதுவது வழக்கம்.

உத்தரத்தின் உயரமறிந்து சங்கிலி அளந்த ஊஞ்சலும், அறைக்குள்ளேயே மண்ணால் வனையப்பட்ட குலுக்கையும், தத்தம் ஸ்தானத்தில் இருக்கும்போதே பூரண சௌந்தரியம் பெறுகின்றன. ஊஞ்சலைப் பெயர்த்துக் காரைக்குடிப் பழம்பொருள் கடையில் நிறுத்தினால் விலை கிடைக்கும், வீட்டின் லக்ஷணம் போய்விடும். ஆகையால், இத்தகைய வீட்டை வாங்குவோர், சாமான்களின் ஜாபிதாவைக் கிரயத்தின்போதே எழுதிப் பெற்று, அவற்றைக் காட்சிப்பொருளாக்காமல் நித்தியப் புழக்கத்தில் வைத்துக் காப்பார்களாக.