வீரப்பனும் முத்துவேலும்

சத்தியமங்கலம் காட்டை வைத்து வந்த குற்றப் படங்களை வரிசையாகப் பார்த்தால், கொள்ளைக்காரன் ஏன் அப்படி ஆனான் என்று விளக்க பலரும் துடித்திருப்பது தெரியும். ஆர்.கே. செல்வமணியின் 'கேப்டன் பிரபாகரன்' (1991) வந்தபோது வீரப்பன் காட்டில் நடமாடிக்கொண்டிருந்தார். படத்தில் அவரை ஒத்த மன்சூர் அலிகானின் வீரபத்ரன் என்னதான் மிரட்டினாலும், கை காட்டப்படுவது அவனை வளர்த்துவிட்ட பெரிய மனிதர்களைத்தான். ஏ.எம்.ஆர். ரமேஷின் 'வனயுத்தம்' (2013) வேட்டையின் நாட்குறிப்பு. ஆள் மனசுக்குள் அது போவதில்லை. ராம் கோபால் வர்மாவின் கன்னடப் படமான 'கில்லிங் வீரப்பன்' (2016) கொஞ்சம் விசித்திரம். தாளவாடி பக்கம் தொட்டகாஜனூரில் 2000 ஜூலை 30 அன்று வீரப்பனால் கடத்தப்பட்டு 108 நாள் காட்டில் இருந்தவர் கன்னட நடிகர் ராஜ்குமார். அவருடைய மகன் சிவராஜ்குமாரே இதில் வேட்டையாடும் போலீஸ். 2023-ல் வந்த 'கூச முனிசாமி வீரப்பன்' தொடரிலோ, பழைய வீடியோவில் வீரப்பனே உட்கார்ந்து தன் நியாயத்தைச் சொல்லிவிடுகிறார்.

ஆக, கொள்ளைக்காரனின் காரணங்களுக்குப் பஞ்சமில்லை. வீரப்பனைத் தேடிய அதிரடிப்படையின் முகாமில், ஆட்களை வதைக்கக் கயிறு பிடித்தவனுக்கு என்ன காரணம்? அந்தப் படை மீதான புகார்களை நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. அதன்பின் 2007-ல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அடிபட்டவர்களின் பக்கத்தை ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' நாவல் எழுதிவிட்டது. அடித்தவர்களில் எல்லோரும் கொடூரர்களாக இருந்திருக்க வாய்ப்பில்லை. அந்தச் சாதாரண ஆளைத் தமிழில் பிடித்தவர் இயக்குநர் வெற்றிமாறன்தான்.

அவருடைய 'விசாரணை' இந்தக் காட்டின் கதையல்ல. அதன் மூலமான 'லாக்கப்' கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் குண்டூரில் தான் பட்டதை எழுதிய நூல். படத்தில் என்னை இன்றுவரை தொந்தரவு செய்வது போலீஸ் அடிகள் அல்ல, சமுத்திரக்கனியின் தமிழ்நாட்டுப் போலீஸ் அதிகாரி முத்துவேல். குண்டூர் நீதிமன்றத்தில் தெலுங்கு தெரியாமல் தவிக்கும் நம்மூர்ப் பையன்களுக்காக நீதிபதியிடம் எடுத்துச் சொல்லி விடுவிப்பவர் அவர். உதவிதான் அது. அடுத்த கணமே அதற்குக் கூலியாக, சரணடைய வந்த ஆடிட்டர் கேகேயைத் தூக்க அதே பையன்களைப் பயன்படுத்துகிறார். இரண்டும் ஒரே ஆள்தான், நடிப்பு எதுவுமில்லை. கேகே காவலில் செத்ததும் முத்துவேல் எதிர்க்கிறார், முனகுகிறார், கடைசியில் அந்தப் பையன்களை முடிக்க மேலிடம் சொன்ன என்கவுன்ட்டருக்கு வண்டியேறிவிடுகிறார். பணத்தாசை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. வேலை, பதவி, 'நாம் மட்டும் என்ன செய்ய முடியும்' என்ற அலுப்பு: இவ்வளவுதான். தயங்கிய அந்த ஆளையும் கூட வந்த போலீஸ்காரரே சுட்டுவிடுகிறார். (கேகேயாக நடித்த கிஷோர்தான் 'வனயுத்தம்' வீரப்பன். கொல்லும் பாத்திரத்தைவிடக் கொல்லப்படும் பாத்திரத்தில் அவர் அதிகம் பயமுறுத்துகிறார்.)

வெற்றிமாறனின் 'விடுதலை' முதல் பாகத்தில் (2023) சூரியின் போலீஸ் டிரைவர் குமரேசன் இன்னும் சிக்கலான ஆள். கரடி தாக்கிய பெண்ணை முகாம் ஜீப்பில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதற்காக மன்னிப்புக் கேட்கச் சொல்கிறார் மேலதிகாரி. கேட்க மாட்டேன் என்கிறார் குமரேசன். எத்தனை தண்டனை கொடுத்தாலும் அசைவதில்லை. அவ்வளவு முதுகெலும்புள்ளவர், தான் நேசிக்கும் தமிழரசியை முகாமில் வதைக்கும்போது அவளைக் காப்பாற்ற, போலீஸ் தேடும் வாத்தியார் பெருமாளைக் காட்டிக்கொடுக்க முன்வருகிறார். அன்பினால் செய்த காரியம், பலன் அதிகாரிகளுக்கு. தனக்கென்றால் தாங்கிக்கொள்பவனை, அவன் நேசிப்பவரை வைத்து மடக்கலாம் என்பதை எந்த முகாமும் அறியும். இதைத் துரோகம் என்பதா, பலவீனம் என்பதா என்று படம் தீர்ப்புச் சொல்லவில்லை. அதுவே அதன் பலம்.

2024-ல் வந்த இரண்டாம் பாகம் இந்த இழையை விட்டுவிட்டது. பெருமாள் காட்டுவழியே நடந்துகொண்டே தன் வரலாற்றைச் சொல்ல, குமரேசன் ஓரமாகிப் போகிறார். மறுபடியும் தேடப்படும் ஆளின் காரணங்கள்!