பழைய வெளிப்பொருத்தும் இயந்திரம்

குமரிக் கடற்கரை வள்ளங்களின் பின்பலகையில் மாட்டப்படும் டூ ஸ்ட்ரோக் மோட்டார், அதாவது பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்குவதற்குள் ஒருமுறை எரிபொருள் வெடிக்கும் இயந்திரம், பல ஆண்டுகள் உழைத்த பின்னும் கைமாறி ஓடக்கூடியது. அதன் உண்மை நிலையை மேல்மூடியின் பெயின்ட் காட்டாது. கியர் பெட்டியின் அடித்திருகைத் தளர்த்தும்போது கசியும் எண்ணெயே காட்டும். அது பால்போல் வெளுத்திருந்தால், தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையமான சீல் தேய்ந்து நீர் புகுந்துள்ளது என்று பொருள். இரும்புச் சில்லுகள் தென்பட்டால் பற்சக்கரங்களே சிதைந்துவருகின்றன. பிளக்குகளைக் கழற்றி, பிஸ்டன் காற்றை நெருக்கும் அழுத்தத்தை அளக்கையில், எண்ணின் பருமனைவிட, சிலிண்டர்களுக்கிடையே வேறுபாடு 10 சதவீதத்துக்குள் அடங்குகிறதா என்பதே முக்கியம்.

ஓடும் மோட்டாரின் பின்புறம் பீறிடும் மெல்லிய நீர்த்தாரை எவ்வளவு நேர்மையான சாட்சி! அது மெலிந்தால், துளையில் உப்பு அடைத்திருக்கிறதா என்று கம்பியால் குத்திப் பார்த்தபின், குளிர்விக்கும் நீரை இறைக்கும் ரப்பர் இம்பெல்லரைச் சோதிக்க வேண்டும். அதன் இதழ்கள் ஒருபக்கமாக வளைந்து இறுகியிருந்தால் தயங்காமல் மாற்றிவிடுவதே முறை. கடலோட்டம் முடிந்ததும் நன்னீரில் ஓடவிட்டு உப்பைக் கழுவுவதும், தான் அரிபட்டு அலுமினிய உடலைக் காக்கும் துத்தநாகக் கட்டியின்மேல் பெயின்ட் படாமல் பார்த்துக்கொள்வதும் எஞ்சிய பராமரிப்பு.