கணக்கும் கணவாயும்

உயிரியல் ஆராய்ச்சியில் கணிப்பொறி உருவகத்துக்கும் ஆய்வுக்கூடப் பரிசோதனைக்கும் இடையே நடக்கும் வழக்கில், ஒரு பக்ஷத்தார் பிரத்தியட்சமே பிரமாணம் என்றும், மற்றொரு பக்ஷத்தார் கணக்கு கைவந்தபின் பிராணிகளை வதைப்பானேன் என்றும் வாதாடுகிறார்கள். பரிசோதனை என்பது இயற்கையை உள்ளபடியே காண்பது என்பதை மட்டும் இரு சாராரும் விசாரணையின்றி ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள்; என் சந்தேகம் அங்கேதான் தொடங்குகிறது.

ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் 1949-ஆம் ஆண்டுக் கோடையில் பிளிமத் கடலாய்வு நிலையத்தில், ஊசிக்கணவாயின் பருத்த நரம்பிழைக்குள் மெல்லிய கம்பியைச் செருகி, சவ்வின் மின்னழுத்தம் அசையாதபடி பிடித்து நிறுத்தி, அந்நிலையில் சவ்வைக் கடக்கும் சோடியம், பொட்டாசியம் அயனிகளின் மின்னோட்டத்தை அளந்தார்கள். துடிப்பை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்வதையே தொழிலாகக் கொண்ட நரம்பு, அத்தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கப்பட்ட பிறகே அளவைக்கு இணங்கிற்று. இதுவும் பிரத்தியட்சந்தான், ஆனால் கடலில் எந்தக் கணவாயும் ஒரு கணமும் இராத நிலையின் பிரத்தியட்சம். அவ்வாறு கட்டிப்போட்ட நரம்பை மறுபடியும் ஓடவிட்டது கணக்கே. கேம்பிரிட்ஜின் கணிப்பொறி அச்சமயம் திருத்தியமைக்கப்பட்டுக்கொண்டிருந்தபடியால், ஹக்ஸ்லி கையால் சுழற்றும் புருன்ஸ்விகா யந்திரத்தைக் கொண்டே சமன்பாடுகளைப் படிப்படியாகத் தீர்த்தார். துடிப்பின் வேகம் விநாடிக்கு 18.8 மீட்டர் என்று விடை வந்தது. நரம்பில் அளந்ததோ 21.2 மீட்டர். இத்தனை நெருக்கத்தைக் கண்ட பின்பும், சமன்பாடு பலித்தது தாங்கள் மனத்தில் கொண்டிருந்த அமைப்புக்குச் சாட்சியாகாது என்று 1952-இல் வெளியான கட்டுரையில் அவர்களே ஒப்புக்கொண்டிருப்பதை, இன்றைய உருவகக்காரர்கள் அடிக்கடி படிப்பது நலம்.

அவ்வெச்சரிக்கையின் அருமை விரைவிலேயே விளங்கலாயிற்று. டெனிஸ் நோபிள் அதே சமன்பாடுகளைச் சிறிது மாற்றி, லண்டன் பல்கலைக்கழகத்தின் மெர்க்குரி கணிப்பொறியில் இரவு நேரங்களில் உழைத்து, இதயத்தின் பர்கின்ஜி இழையினுடைய நீண்ட துடிப்பை வெகு நேர்த்தியாக உருவாக்கி, 1962-இல் விரிவாக வெளியிட்டார். துடிப்பு எழுந்தபின் உடனே அடங்காமல் நீடித்து நிற்கும் பகுதியைச் சோடியமே தாங்குவதாக அவ்வுருவகம் கொண்டது. உண்மையில் அக்காரியத்தில் பெரும்பங்கு வகிக்கும் கால்சியம் மின்னோட்டத்தை ஹரால்ட் ராய்ட்டர் பரிசோதனையில் கண்டு அறிவித்தது 1967-இல். அறியப்படாத ஒன்றின் வேலையை அறிந்த ஒன்றின் தலையில் ஏற்றி, விடையையும் சரியாக வரவழைக்கும் சாமர்த்தியம் கணக்குக்கு உண்டு. குணகங்களைத் திருத்தத் திருத்த வளைகோடு இணங்கத்தான் செய்யும்.

ஆகையால், உருவகம் இயற்கையோடு ஒத்துப்போகிறது என்று மெச்சுவதை நான் பெரிதாக எண்ணுவதில்லை. அது எங்கே பிசகுகிறதோ அங்கேதான் ஆராய்ச்சிக்கு லாபம். ஆனால் பிசகு என்று தீர்ப்புச் சொல்ல, யாரேனும் ஒருவர் உயிருள்ள இழையைத் தொட்டாக வேண்டும். பிராணி வதை குறைய வேண்டும் என்ற தர்மவாதத்தில் எனக்கு ஆட்சேபமில்லை. வீண் பரிசோதனைகள் பலவற்றைக் கணக்கு முன்கூட்டியே விலக்கித் தரும் என்பதும் மெய்யே. எனினும், புரதங்களின் வடிவத்தைக் கணித்து 2020-இல் உலகை வியக்கவைத்த ஆல்பாஃபோல்டுங்கூட, படிகவியலார் முதலானோர் பல பத்தாண்டுகள் ஆய்வுக்கூடங்களில் பாடுபட்டுச் சேர்த்த வடிவங்களைப் பயின்றே அத்திறனைப் பெற்றது. அச்சேமிப்பில் புதியன சேர்வது நின்றுபோனால், அதன் ஊகம் எவ்விடத்தில் தவறுகிறது என்று சொல்லக்கூட ஆளிராது.