கதை எங்கே தொடங்குகிறது? – சரமாகோவின் சாலமோனும் ஸ்வாசிலாந்தின் பதினேழு யானைகளும்

2018 குளிர்காலத்தில் வேலை நிமித்தமாகச் சில மாதங்கள் அமெரிக்காவின் ஒமாஹாவில் இருந்தேன். அந்த ஊருக்குப் போகிற எல்லோரும் செய்வதை நாங்களும் செய்தோம். ஒரு சனிக்கிழமை ஹென்றி டோர்லி உயிரியல் பூங்காவுக்குப் போனோம். வெளியே பனி. உள்ளே பெரிய கூடத்தில் யானைகள். ஐந்து வயது மகள் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, “அப்பா, இது எங்கேர்ந்து வந்துச்சு?” என்றாள்.

“ஆப்பிரிக்கால இருந்து.”

“எப்படி?”

“ஃப்ளைட்ல.”

“அதுவா வரணும்னு சொல்லிச்சா?”

சிரித்துச் சமாளித்தேன். அன்று இரவு அறையில் நான் படித்துக்கொண்டிருந்த புத்தகம் சரமாகோவின் ‘யானையின் பயணம்’. தற்செயல்தான். ஆனால் அதன் பிறகு அந்த நாவலை என்னால் பழைய மாதிரி படிக்க முடியவில்லை. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

*

ஜோசே சரமாகோ இந்த நாவலை 2008இல், தன் எண்பத்தாறாவது வயதில் வெளியிட்டார். கதை வரலாற்றில் நடந்தது. 1551இல் போர்த்துகல் அரசர் மூன்றாம் ஜொவாவ், ஆஸ்திரியாவின் மாக்சிமிலியனுக்கு ஒரு யானையைப் பரிசாக அனுப்புகிறார். யானையின் பெயர் சாலமோன், பாகன் சுப்ரோ. லிஸ்பனிலிருந்து வயாதோலித், அங்கிருந்து கடல்வழியாக இத்தாலி, பிறகு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வியன்னா. வழியில் ஆஸ்திரியக் கோமகன் யானைக்கு சுலைமான் என்றும் பாகனுக்கு ஃபிரிட்ஸ் என்றும் பெயர் மாற்றிவிடுகிறார். பதுவா நகரில் யானை தேவாலய வாசலில் மண்டியிட வேண்டும் என்று ஒரு பாதிரியார் கேட்க, பாகன் அதற்குப் பயிற்சி கொடுக்க, ‘அற்புதம்’ நடக்கிறது. அதே பாகன் யானை முடியை வழுக்கைக்கு மருந்தென்று விற்றுக் காசு பார்க்கிறான். சரமாகோவின் நக்கல் அரசரையும் விடுவதில்லை, ஆண்டவரையும் விடுவதில்லை.

முதல் வாசிப்பில் அந்த நக்கலில் மயங்கிப்போனேன். இரண்டாம் வாசிப்பில் ஒன்று உறுத்தியது. கதை தொடங்கும்போது யானை ஏற்கெனவே லிஸ்பனுக்குப் பக்கத்தில் பெலேமில் நிற்கிறது. இரண்டு வருடமாக நிற்கிறது. இந்தியாவிலிருந்து அது கப்பலில் வந்த விஷயம் போகிறபோக்கில் முடிந்துவிடுகிறது. எந்தக் காட்டில் பிடித்தார்கள், எப்படிப் பிடித்தார்கள், கூட்டத்திலிருந்து பிரிக்கும்போது என்ன நடந்தது? ஒன்றும் இல்லை. நாவலின் பெயர் ‘யானையின் பயணம்’. ஆனால் அதில் இருப்பது பயணத்தின் இரண்டாம் பாதி. முதல் பாதியை ஆசிரியர் எழுதவே இல்லை.

இது நாவலின் குறையா? அன்றைக்குக் குறை என்றே குறிப்பேட்டில் எழுதினேன். பிறகு ஒமாஹாவின் யானைகள் எங்கிருந்து வந்தன என்று தேடத் தொடங்கினேன்.

*

2016 மார்ச் மாதம் ஸ்வாசிலாந்திலிருந்து (இன்றைய எஸ்வாத்தினி) ஒரு சரக்கு விமானத்தில் பதினேழு யானைகள் அமெரிக்காவுக்கு வந்தன. டல்லஸ், விச்சிட்டா, ஒமாஹா ஆகிய மூன்று பூங்காக்கள் அவற்றைப் பிரித்துக்கொண்டன. திட்டமிட்டது பதினெட்டு. ஒன்று கொட்டிலில் காத்திருந்தபோதே இறந்துவிட்டது. இறக்குமதியை எதிர்த்து ஒரு விலங்குரிமை அமைப்பு வாஷிங்டன் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருந்தது. விசாரணைக்கு நாள் குறித்திருந்தார்கள். அந்த நாள் வருவதற்குள் யானைகளுக்கு மயக்க மருந்து கொடுத்து விமானத்தில் ஏற்றியாகிவிட்டது.

பூங்காக்கள் சொன்ன காரணத்தைப் பொய் என்று ஒதுக்க முடியாது. ஸ்வாசிலாந்தில் அப்போது கடும் வறட்சி. நாட்டில் மொத்தமே நாற்பதுக்கும் குறைவான யானைகள், அவையும் வேலி போட்ட சிறிய காப்பகங்களில். யானைகள் மரங்களை அழித்தால் காண்டாமிருகத்துக்கு இடமில்லை. அனுப்பாவிட்டால் சுட்டுக் கொல்ல வேண்டியிருக்கும் என்றது காப்பக நிர்வாகம். ஆக, இது ‘மீட்பு’. 2003இல் இதே நாட்டிலிருந்து பதினோரு யானைகள் சான் டியேகோவுக்கும் டாம்பாவுக்கும் போனபோதும் இதே வாதம்தான் சொல்லப்பட்டது.

சரி, கொஞ்சம் பின்னால் போவோம். ஸ்வாசிலாந்தின் இயற்கையான யானைகள் எப்போதோ வேட்டையில் அழிந்துவிட்டன. இப்போது இருக்கும் கூட்டத்தின் மூத்த தலைமுறை தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் பூங்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட குட்டிகள். க்ரூகரில் ‘எண்ணிக்கை அதிகம்’ என்று யானைக் கூட்டங்களைச் சுட்டுக் கொன்றபோது அநாதையானவை அவை. வேலிக்குள் விட்டார்கள், வளர்ந்தன, பெருகின, மறுபடியும் ‘அதிகம்’ ஆயின.

மென்பொருள் வேலையில் இதற்கு ஒரு சொல் உண்டு, டிபெண்டென்ஸி. நாம் ஒரு நிரலியை இழுத்தால் அது இன்னொன்றை இழுக்கும், அது வேறொன்றை. மேலே ஒரே ஒரு வரிதான் தெரியும். அடியில் மரம் மாதிரி இறங்கிக்கொண்டே போகும். ‘ஒமாஹாவில் ஆறு யானைகள்’ என்பது மேலே தெரியும் வரி. அதற்கு அடியில் வறட்சி, வேலி, காண்டாமிருகம், க்ரூகரின் துப்பாக்கி. மகள் கேட்ட கேள்விக்கு நான் ‘ஃப்ளைட்ல’ என்று சொன்னது முதல் அடுக்கு மட்டும்.

*

ஆனால் இந்த மரத்துக்கு எதிர்த்திசையிலும் ஒரு வேர் இருக்கிறது. அதைத்தான் யாரும் பேசுவதில்லை. யானை வருவதற்கு முன்பே வீடு வந்துவிட்டது.

ஒமாஹா பூங்காவில் 2011க்குப் பிறகு யானையே இல்லை. 7.3 கோடி டாலரில் ஆப்பிரிக்கப் புல்வெளி என்றொரு பெரும் வளாகத்தைக் கட்டினார்கள். விச்சிட்டாவில் இருந்த இரண்டு யானைகளில் ஒன்று 2014இல் இறந்துவிட, மிஞ்சியது ஒன்று. அங்கேயும் புதிய வளாகம். இதற்கெல்லாம் பின்னணியில் ஒரு நல்ல விதி இருக்கிறது என்பதுதான் வேடிக்கை. யானை தனியாக வாழும் விலங்கல்ல, ஒரு பூங்காவில் குறைந்தது மூன்றாவது இருக்க வேண்டும் என்று அமெரிக்கப் பூங்காக்களின் சங்கம் 2011இல் தரநிலை வகுத்தது. யானையின் நன்மைக்காக எழுதிய விதி. ஒன்றிரண்டு யானைகள் வைத்திருந்த பூங்காவுக்கு இரண்டே வழி: யானையைக் கைவிடுவது, அல்லது இன்னும் யானைகளைத் தேடுவது.

தேடினால் எங்கே கிடைக்கும்? பூங்காக்களில் பிறப்பு போதாது. 2008இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு ஐரோப்பியப் பூங்காக்களில் பிறந்த ஆப்பிரிக்கப் பெண் யானைகளின் இடைநிலை ஆயுள் 16.9 ஆண்டு என்றது. கென்யாவின் அம்போசெலியில் இயற்கையாக இறந்தவற்றுக்கு அது 56. இந்தக் கணக்கு முன்னேறியிருக்கிறது என்று பூங்காக்கள் சொல்கின்றன. முன்னேறியிருக்கலாம். ஆனால் உள்ளேயே பெருகி நிறைகிற அளவுக்கு முன்னேறியிருந்தால் சரக்கு விமானம் தேவைப்பட்டிருக்காது.

சர்வரில் இடம் வாங்கிப் போட்டால் அது காலியாக இருக்காது, யாராவது நிரப்புவார்கள். எங்கள் வேலையில் இது எல்லோருக்கும் தெரிந்த உண்மை. காலி வீடும் அப்படித்தான். பணம் வசூலித்து, அடிக்கல் நாட்டி, திறப்பு விழா மாதத்தையும் முடிவு செய்த பிறகு, ‘யானையை எங்கிருந்து கொண்டுவருவது சரி?’ என்ற கேள்விக்கு ‘எங்கிருந்தும் வேண்டாம்’ என்ற பதில் சாத்தியமே இல்லாமல் போகிறது.

*

இந்த இடத்தில் சரமாகோவிடம் திரும்பினேன். நாவலின் முதல் காட்சி அரசரும் அரசியும் படுக்கையறையில் பேசிக்கொள்வது. மாக்சிமிலியனுக்குத் தக்க பரிசு வேண்டும். முன்பு கொடுத்தது போதவில்லை. என்ன கொடுக்கலாம்? அப்போதுதான் பெலேமில் ஒரு யானை நிற்பது நினைவுக்கு வருகிறது. தேவை முதலில், யானை அப்புறம். அரசர் போய்ப் பார்க்கும்போது அது அழுக்கேறி நிற்கிறது. குளிப்பாட்டச் சொல்கிறார், பாகனுக்குப் புதுத்துணி தைக்கச் சொல்கிறார்.

நான் குறை என்று எழுதியதை அடித்துவிட்டேன். யானை பிடிபட்ட காட்டை சரமாகோ மறக்கவில்லை. அந்த அரண்மனைக்கு அது தேவைப்படவில்லை, அதனால் நாவலிலும் இல்லை. உடைமையாளரின் கதை எப்போதுமே உடைமை கைக்கு வந்த பிறகுதான் தொடங்கும்.

இன்னொன்றும் தெரிந்தது. அந்த அரசர் சாலமோனை மீட்பதாக ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. பரிசு என்றால் பரிசு, அவ்வளவுதான். நானூற்று அறுபத்தைந்து வருடம் கழித்து நமக்கு ‘மீட்பு’, ‘பாதுகாப்பு’, ‘கல்வி’ எல்லாம் தேவைப்படுகின்றன. நம் வெட்கம் வளர்ந்திருக்கிறது. அது நல்லதுதான். ஆனால் அந்த வெட்கம் சொற்களை மாற்றிய அளவுக்குச் செயலை மாற்றவில்லை.

தமிழ் வாசகருக்கு உடனே ஜெயமோகனின் ‘யானை டாக்டர்’ நினைவுக்கு வரும். அதிலும் ஒரு யானைப் பயணம் உண்டு. காலில் பாட்டில் சில்லு குத்திய குட்டி தொலைதூரம் நடந்து டாக்டரிடம் வருகிறது. நம்பும்படி இருக்கிறதா என்று கேட்கலாம், கேட்டிருக்கிறார்கள். ஆனால் அந்தப் பயணம் யானையின் முடிவு. என் மகளின் கேள்விக்கு ‘ஆமாம்’ என்று பதில் சொல்லக்கூடிய ஒரே கதை எனக்குத் தெரிந்து அதுதான்.

சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. இந்தியாவில் 2009இலேயே உயிரியல் பூங்காக்களிலும் சர்க்கஸ்களிலும் இருக்கும் யானைகளை முகாம்களுக்கு மாற்றச் சொல்லி மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் உத்தரவிட்டது. ஜிம்பாப்வேயிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட குட்டிகள் சீனாவுக்குப் போன பிறகு, 2019 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய சைட்டிஸ் மாநாடு ஆப்பிரிக்கக் காட்டு யானைகளை அவற்றின் வாழிடத்துக்கு வெளியே அனுப்புவதைப் பெரிதும் கட்டுப்படுத்தியது. ஆனால் ‘விதிவிலக்கான சூழ்நிலை’ என்று ஒரு கதவு திறந்தே இருக்கிறது. வறட்சி எப்போதும் விதிவிலக்கான சூழ்நிலைதான்.

நானும் சுத்தமானவன் இல்லை. அன்றைக்கு டிக்கெட் வாங்கினேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தத் தும்பிக்கை அசைந்தபோது எனக்குள் ஏதோ ஒன்று உருகியது, அது பொய்யில்லை. எல்லா வளாகங்களும் அந்த உருகலை நம்பித்தான் கட்டப்படுகின்றன.

டல்லஸுக்குப் போன யானைகளில் ம்லிலோ என்று ஒருத்தி. இறங்கி இரண்டு மாதத்தில், 2016 மே மாதம், ஒரு ஆண் குட்டியை ஈன்றாள். யானைக்குக் கர்ப்பகாலம் ஏறக்குறைய இருபத்திரண்டு மாதம். பூங்கா அந்தக் குட்டியின் பிறப்பைக் கொண்டாடியது. அவனுடைய கதை டல்லஸில் தொடங்குவதாகத்தான் எழுதப்படும். ஆனால் விமானம் ஏறும்போது அவனுக்கு இருபது மாதம்.