இரண்டாவதாக வந்தவர்

சாந்தி சௌந்தரராஜனைப் பற்றித் தமிழில் வந்திருக்கும் கட்டுரைகளையும் பேட்டிகளையும் வாரப் பத்திரிகைப் பக்கங்களையும் சேர்த்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவற்றில் குடிசை இருக்கிறது, செங்கல் சூளை இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது. பெரும்பாலும் தலைப்பிலேயே ஒரு கேள்விக்குறியும் இருக்கிறது. ஓட்டத்தைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரு கிரிக்கெட் வீரரைப் பற்றி எழுதுகிறவர் அவருடைய மட்டைவீச்சைச் சொல்லாமல் இரண்டு பத்தி தாண்டமாட்டார். ஓடுவதையே தொழிலாகக் கொண்ட ஒரு பெண்ணைப் பற்றி ஓட்டத்தைச் சொல்லாமலே நம்மால் ஒரு புத்தகம் எழுதிவிட முடியும்போல.

ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன். எண்ணூறு மீட்டர் என்பது ஓடுதளத்தில் இரண்டு சுற்று. முதல் வளைவு முடியும்வரை அவரவர் தடம். பிறகு எல்லோரும் உள்தடத்துக்கு ஒதுங்குவார்கள். முழங்கை இடிக்கும், ஆணிச் செருப்பு காலைக் கீறும். மூச்சைச் சேமிக்கிற நெடுந்தூர ஓட்டமும் அல்ல, மூச்சை மறந்து பாய்கிற நூறு மீட்டரும் அல்ல. முதல் சுற்றில் ஆசைப்பட்டவர் இரண்டாவது சுற்றின் கடைசி நூறு மீட்டரில் கால் கனத்து நிற்பார். பொறுமையும் கணக்கும் வேண்டும். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் 1981இல் பிறந்து, தாத்தாவிடம் மண்தரையில் ஓடப் படித்த ஒரு பெண், அந்தக் கணக்கைக் கற்றுத் தேர்ந்து 2005இல் இஞ்சியோனில் நடந்த ஆசிய தடகளப் போட்டியில் வெள்ளி வாங்கினார். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி மறுபடியும் வெள்ளி. தங்கம் பஹ்ரைனின் மர்யம் யூசுப் ஜமாலுக்கு.

இந்த எண்ணை மறக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று என் மாணவிகளிடம் சொல்வேன். பெண்கள் எண்ணூறு மீட்டர் உலக சாதனை, 1983இல் யர்மிலா கிராதோக்விலோவா ஓடியது, 1 நிமிடம் 53.28 விநாடி. சாந்தி அதற்கு ஏறக்குறைய பத்து விநாடி பின்னால். அந்தப் பந்தயத்திலேயே அவர் முதலாவது அல்லர். ‘இயற்கைக்கு மாறான பலம்’ என்று ஒருவரைக் குற்றம் சாட்டுகிறவர்கள், அந்தப் பலம் ஏன் இரண்டாமிடத்தோடு நின்றது என்பதையும் சொல்லியிருக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. கேட்டதெல்லாம் வேறு கேள்வி.

போட்டி முடிந்ததும் பாலினச் சோதனை, பதக்கம் பறிக்கப்பட்டது. அதன் முடிவைத் தனக்கு முறையாக யாரும் விளக்கவில்லை என்று பின்னாளில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவருக்குச் சொல்லப்படாதது நாட்டுக்கெல்லாம் தொலைக்காட்சியில் சொல்லப்பட்டது. அவருடைய உடல்நிலைக்கு ஒரு மருத்துவப் பெயர் உண்டு என்று பத்திரிகைகள் எழுதின. அந்தப் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது அவருடைய மருத்துவருக்கும் அவருக்கும் இடையில் இருந்திருக்க வேண்டியது.

சோதனையின் வரலாற்றையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1968 முதல் ஒலிம்பிக்கில் பெண்கள் எல்லோருக்கும் கட்டாயமாக இருந்தது. 1996 அட்லாண்டாவில் எட்டுப் பெண்களுக்கு மரபணுச் சோதனை ‘தவறியது’. எட்டுப் பேரும் பெண்களாகவே ஓட அனுமதிக்கப்பட்டார்கள். பயனில்லை என்று கண்டு 1999இல் ஒலிம்பிக் குழு கட்டாயச் சோதனையைக் கைவிட்டது. தடகளக் கூட்டமைப்பு அதற்கும் முன்பே கைவிட்டிருந்தது. மிச்சமிருந்தது ‘சந்தேகம் வந்தால் சோதிக்கலாம்’ என்ற ஏற்பாடு. எல்லோரையும் சோதிப்பதைவிட இது நாகரிகமாகத் தோன்றும். உண்மையில் இதுதான் கொடுமை. சந்தேகம் யார்மீது வரும்? தட்டையான மார்பின்மீது வரும், கரகரத்த குரலின்மீது வரும், கறுத்த தோலின்மீது வரும், பின்னால் நிற்க ஆள் இல்லாத பெண்ணின்மீது வரும். ஒரு விதி எழுதப்படாமல் விட்ட இடத்தை நிரப்புவது பார்க்கிறவரின் கண். அந்தக் கண்ணுக்குப் பெண் எப்படி இருக்க வேண்டும் என்ற முடிவு ஏற்கெனவே இருக்கிறது.

சாந்திக்கு ஆதரவாக எழுதியவர்களில் பலர் உடனே சீதையை அழைத்துவந்தார்கள். நாம் எல்லோரும் எழுதத் தொடங்கியதும் கை தானாகப் போய் எடுக்கிற உவமை அது. எனக்கு அதில் ஒரு தடை உண்டு. தீயில் இறங்கிய சீதை தேறி வெளியே வருகிறாள். சோதித்தது தவறு, ஆனால் சோதனை உண்மையைச் சொல்லிவிட்டது என்பதுதான் அந்தக் கதையின் ஆறுதல். சாந்தியின் விஷயத்தில் அந்த ஆறுதல் கிடையாது. இரத்தமும் மரபணுவும் ஒரு பெண்ணின் வாழ்க்கைக்குச் சாட்சி சொல்லத் தகுதியுள்ளவையா என்பதே இங்கே வழக்கு. ‘அவர் பெண்தான், சோதனைதான் பிழை’ என்று வாதாடுகிறவர்களும் தங்களையறியாமல் அதே தேர்வுத் தாளைத்தான் திருத்துகிறார்கள். மதிப்பெண் மட்டும் கூடுதலாகப் போடுகிறார்கள். பெண்ணியம் பேசும் நம் கட்டுரைகளிலும் இது இருக்கிறது. அவருக்குப் புடவை கட்டிப் பூ வைத்துப் படம் எடுத்துப் போட்ட அட்டைகளை நான் ஆதரவு என்று எடுத்துக்கொள்ளத் தயாரில்லை.

தமிழ் கற்பிக்கிறவளுக்கு இந்தச் சிக்கல் வினைமுற்றிலேயே வந்துவிடுகிறது. சொல்லதிகாரத்தில் கிளவியாக்கம் நடத்தும்போது ஐந்து பால் பற்றிப் பேச வேண்டும். ஆண்மை திரிந்த பெயருக்கும் தெய்வத்தைக் குறிக்கும் பெயருக்கும் தமக்கென்று தனி ஈறு இல்லை, அவை உயர்திணையின் ஈறுகளையே கொண்டு முடியும் என்று தொல்காப்பியர் ஒரே நூற்பாவில் இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார். இது எனக்கு எப்போதும் வியப்பு. வகைக்குள் அடங்காதவர்களுக்கு அவர் தேடிய துணை தெய்வம். பல நூற்றாண்டு கழித்து வந்த நன்னூலாரோ பேடு, அலி இரண்டும் அஃறிணைபோலவும் ஆகும் என்று ஒரு வழி திறந்துவைக்கிறார். ஒரு மனிதரை ‘அது’ என்று சொல்ல இலக்கணத்தின் அனுமதி! (உரையாசிரியர்கள் இதற்குச் சமாதானம் சொல்வார்கள், சமாதானம் தேவைப்பட்டது என்பதே போதும்.) சாந்தியை இந்த நூற்பாக்களில் எந்த வகையிலும் வைக்க நான் வரவில்லை. அவர் தன்னைப் பெண் என்கிறார்; பேச்சு அங்கே முடிகிறது. ஆனால் வகைபிரிக்க வேண்டும் என்ற தவிப்பு விளையாட்டு மருத்துவர்களோடு தொடங்கவில்லை, நம் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

இந்தப் பாடத்தின்போது ஒருமுறை வகுப்பில் சாந்தியைப் பற்றிப் பேச்சு வந்தது. ‘ஓடினாளா, ஓடினானா என்றுதானே மேடம் கேக்காங்க’ என்றாள் ஒருத்தி. பின்பெஞ்சிலிருந்து இன்னொருத்தி, மாவட்டப் போட்டிகளில் ஓடுகிற பெண், எழுந்து சொன்னாள்: ‘ஓடினாங்கன்னு சொன்னா முடிஞ்சு போச்சுல்லா மேடம்.’ வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ‘ஆர்’ ஈறு பலர்பாலுக்கு உரியது, மரியாதைக்காக ஒருவருக்கும் வரும், அதில் ஆண் பெண் வேறுபாடு இல்லை. சோதனைக்கூடம் இல்லாமலே தமிழ் வைத்திருக்கிற வசதி. ஆனால் அந்த ஈறு எல்லோருக்கும் கிடைக்கிறதா? எங்கள் பக்கத்தில் அறுபது வயதுக் கூலிக்காரரை இருபது வயதுப் பண்ணைக்காரர் ‘வந்தான், போனான்’ என்றுதான் சொல்வார். செய்தித்தாள்களும் யாருக்கு ‘ஆர்’ போடுவது, யாருக்கு ‘ஆள்’ போடுவது என்று நன்றாக அறிந்துவைத்திருக்கின்றன. சாந்தி தலித் குடும்பத்தில் பிறந்தவர். பதக்கம் வாங்கியபோது கிடைத்த ‘ஆர்’ பதக்கம் போனதும் சில இடங்களில் நழுவியதைப் பழைய பக்கங்களைப் புரட்டினால் பார்க்கலாம்.

சூளைப் படத்துக்கு வருகிறேன். 2012இல் அவர் தினக்கூலிக்குச் செங்கல் சூளையில் வேலை செய்கிறார் என்ற செய்தி நாடு முழுக்கப் பரவியது. ஆசியப் பதக்கம் வாங்கியவர் செங்கல் சுமப்பதா என்று எல்லோரும் பதறினார்கள். அந்தப் பதற்றத்தில் ஒரு கணக்கு மறைந்துபோனது. அவருடைய அப்பாவும் அம்மாவும் அதே வேலையைத்தான் வாழ்நாள் முழுக்கச் செய்தார்கள். அதற்கு யாரும் படம் எடுக்கவில்லை. தாமிரபரணிக் கரையூர்களிலும் சூளைகள் உண்டு. குடும்பமாக முன்பணம் வாங்கிக்கொண்டு வந்து தங்குவார்கள். ஆண் மண் மிதித்துக் குழைப்பார், பெண் குனிந்து கல் அறுப்பார், பிள்ளைகள் காய்கிற பச்சைக்கல்லைத் திருப்பிப் போடும். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் குடும்பத் தலைவர் கையில் வரும்; பெண்ணுக்கென்று தனியாக ஒரு பைசா கணக்கில் ஏறாது. அப்படிப்பட்ட இடத்திலிருந்து புறப்பட்ட உடல்தான் தோஹாவில் இரண்டாவதாக வந்தது. சூளைக்குத் திரும்பியதை வீழ்ச்சி என்று எழுதுகிறவர்கள், அந்த வேலையையே இழிவாகத்தான் நினைக்கிறார்கள். எனக்கு அவமானமாகப் படுவது வேறு. பயிற்சியாளராக இருக்கத் தகுதியுள்ள ஒருவருக்கு நிரந்தர வேலை கொடுக்காமல் ஒப்பந்தக் கூலியில் அலையவிட்டது.

இடையில் நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். பதக்கம் பறிபோன பின்னும் முதலமைச்சர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் கொடுத்துக் கௌரவித்தார். அந்தச் செயலை நான் குறைத்துப் பேசமாட்டேன். மத்தியில் இருந்தவர்கள் வாய்திறக்காத நேரம் அது. அந்தப் பணத்தில் சாந்தி ஏழைப் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிக் கூடம் தொடங்கினார். 2007இல் தன் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று மீண்டார். சூளைச் செய்திக்குப் பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் படிப்பு முடித்தார். 2016இல் தமிழ்நாடு அரசு அவரை நிரந்தரப் பயிற்சியாளராக்கியது. பத்தாண்டு. பத்திரிகைகளில் 2006ம் 2012ம் எழுதப்பட்ட அளவுக்கு 2016 எழுதப்படவில்லை. காலையில் எழுந்து விசிலோடு மைதானத்துக்குப் போகும் பெண் நல்ல கதை அல்ல போலிருக்கிறது.

வேல்ஸ் நாட்டு ரக்பி வீரர் கேரத் தாமஸின் பொதுவாழ்க்கையைச் சாந்தியின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நாட்டுக்காக நூறு ஆட்டம், 2005இல் கிராண்ட் ஸ்லாம் வென்ற அணியின் தலைவர். 2009இல் ஆடிக்கொண்டிருக்கும்போதே தான் தன்பாலீர்ப்பு உடையவர் என்று அறிவித்தார். 2011இல் ஓய்வு. 2019இல் தனக்கு எச்.ஐ.வி. இருப்பதைச் சொன்னார், வெளியிட்டுவிடுவோம் என்று மிரட்டியவர்களை முந்திக்கொண்டு, ஒரு காணொளியில், தன் வாயால். அவருக்கும் இரகசியத்தைத் திருட வந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் ஒரு மணி நேரமாவது முந்திக்கொள்ள அவருக்கு இடம் இருந்தது. புகழ் இருந்தது, மொழி இருந்தது, அவர் சொல்வதை அவர் சொன்னபடியே அச்சிட ஆள் இருந்தது. சாந்திக்கு மறைக்க எதுவும் இருக்கவில்லை. தன் உடலைப் பற்றி அவரே மற்றவர்கள் வழியாகத்தான் கேள்விப்பட்டார்.

நாடு பின்னால் நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 2009இல் காஸ்டர் செமன்யாவை இதே கேள்வி சூழ்ந்தபோது தென்னாப்பிரிக்க அரசே எழுந்து கத்தியது. பதக்கம் அவரிடமே இருந்தது, அடுத்த ஆண்டு ஓடுதளத்துக்குத் திரும்பினார். 2014இல் ஒடிசாவின் தூத்தி சந்த் விலக்கப்பட்டபோது இந்திய விளையாட்டு ஆணையம் அவருக்குத் துணைநின்றது. லோசானில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றம் 2015இல் அந்த விதியையே நிறுத்திவைத்தது. தூத்தி ரியோவில் ஓடினார், 2018 ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி வாங்கினார். சாந்தி வாயில்லாமல் பட்டதால்தான் தூத்திக்கு வாய் கிடைத்தது என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு இந்தத் தியாகக் கணக்கு பிடிக்கவில்லை. யாருக்கும் உரமாவதற்கு அவர் ஓடவில்லை. அவர் கேட்டது பதக்கத்தை.

எங்கள் பக்கத்திலும் ஒன்று நடந்தது. தூத்துக்குடிக் கோவிலில் நடந்த ஒரு திருமணத்தைப் பதிவுசெய்ய மறுத்ததால் வந்த வழக்கில், 2019 ஏப்ரலில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், மணமகள் என்ற சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்றார். அதே தீர்ப்பில், இடைப்பால் குழந்தைகளுக்கு உயிருக்கு ஆபத்து இல்லாதபோது பால் திருத்தும் அறுவை செய்யக்கூடாது என்றும் சொன்னார். ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அதற்கு ஆணை போட்டது. இந்தியாவில் இதைச் செய்த முதல் மாநிலம் நம்முடையது. குழந்தையின் உடலைத் திருத்தக்கூடாது என்று சட்டம் சொல்லும் அதே மாநிலத்தில் வளர்ந்த பெண், சர்வதேசப் போட்டிக்குப் போனால் அவளுடைய உடல் மறுபடியும் கேள்விக்கு உள்ளாகும். 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு, பெண்கள் பிரிவில் உலகப் போட்டிகளில் இறங்க விரும்பும் எல்லோருக்கும் ஒருமுறை மரபணுச் சோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. அட்லாண்டாவில் பயனற்றதென்று கண்டதை முப்பது ஆண்டு கழித்துத் தூசி தட்டி எடுத்திருக்கிறார்கள்.

பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கில் காலை ஆறு மணிக்குப் போனால் பெண்பிள்ளைகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். சிலருக்கு ஆணிச் செருப்பு இருக்கும், சிலருக்கு அக்காவுடைய பழைய கான்வாஸ். ‘ஓடினாங்க’ என்று சொன்ன அந்த மாணவியும் அங்கேதான் ஓடுகிறாள். அவளுக்கும் எண்ணூறு மீட்டர்தான். சாந்தியின் நேரத்தை அவள் தன் நோட்டின் பின்னட்டையில் எழுதிவைத்திருக்கிறாள்: 2:03.16. தோஹாவின் பதக்கப் பட்டியலில் இன்று அந்த எண் இல்லை.